ஸ்பைடர் பால் பைத்தான் தலையைத் திருகிக்கொண்டே இருக்கிறது – நோயா, பிறவியா?

குட்டிமலை:
வணக்கம். இருப்பது இங்கிலாந்தில். மூன்று வாரம் முன்பு ஒரு பால் பைத்தான் (ball python, மலைப்பாம்பில் சின்ன வகை) வாங்கினேன். ஸ்பைடர் மார்ஃப் (மரபணுவால் உடம்பில் வலை மாதிரிக் கோலம் வரும் வகை), எட்டு மாதக் குட்டி, 310 கிராம். சும்மா சுருண்டு கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. எலியைக் காட்டினால் போதும், தலை ஒருபக்கம் சாய்ந்து திருகாணி மாதிரிச் சுழல ஆரம்பிக்கும். நேற்று இடுக்கியில் இருந்த எலியை விட்டு நான்கு விரற்கடை தள்ளிப் பாய்ந்து தண்ணீர்க் கிண்ணத்தில் முட்டிக்கொண்டது. கையில் எடுத்தால் தாடை மேலே பார்க்கத் தலை மல்லாந்துவிடுகிறது. விற்றவரோ "பசி, அவ்வளவுதான்" என்கிறார். உண்மையா?

பழையசெதில்:
பசி இல்லை நண்பரே. இதற்கு வாபிள் (தலையாட்டம்) என்று பெயர், அந்த மார்ஃபோடு சேர்ந்தே வருவது. ஸ்பைடர் எல்லாவற்றுக்கும் இது உண்டு. கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். 2022-ல் வந்த ஓர் ஆய்வில் மைக்ரோ சி.டி. (நுண்ணிய எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்துப் பார்த்தார்கள். உள்காதில் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களும் சின்னப் பையும் கோணலாக வளர்ந்திருந்தன. எது மேல், எது கீழ் என்று தலைக்குச் சரியாகச் செய்தி போவதில்லை. அழகான வலைப் பின்னலுக்குப் பாம்பு கொடுக்கும் விலை. ஷாம்பெயின், வோமா மார்ஃப்களிலும் இப்படிப் பார்க்கலாம். மருந்து கிடையாது.

ஈரமண்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் எல்லாவற்றையும் ஜீன் தலையில் கட்டிவிடாதீர்கள். சூடு அதிகமானாலும், உண்ணிக்கு அடிக்கும் பெர்மெத்ரின் ஸ்ப்ரே பட்டாலும் இதேபோலத் தலை ஆடும். சூடான பக்கம் எத்தனை டிகிரி? ஸ்ப்ரே ஏதாவது அடித்தீர்களா?

குட்டிமலை:
ஸ்ப்ரே இல்லை. சூடு இப்போதுதான் அளந்தேன்... 37! தெர்மோஸ்டாட் 32-இல்தான் இருக்கிறது. அதன் உணரி கழன்று கூண்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஈரமண்:
நினைத்தேன். உணரியை மறுபடி ஒட்டி, 31-32 டிகிரியில் நிறுத்திப் பாருங்கள். சூடு இறங்கிய பிறகும் வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, தலையைச் செங்குத்தாகத் தூக்கியபடியே நின்றாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

குட்டிமலை (ஐந்து நாள் கழித்து):
சூட்டைச் சரிசெய்ததும் பாதி குறைந்துவிட்டது. மல்லாந்து கிடப்பது நின்றுபோச்சு. எலியைப் பார்த்தால் மட்டும் இன்னும் சுழல்கிறது. அடுத்த வருஷம் இதற்கு ஜோடி சேர்க்கலாம் என்றிருந்தேன்.

பழையசெதில்:
வேண்டாம். சாதாரணப் பாம்போடு இணைத்தாலே குட்டிகளில் ஏறக்குறையப் பாதி ஸ்பைடராக வரும், இதே தலையாட்டத்தோடு. நன்றாகச் சாப்பிடுகிறது, எடை ஏறுகிறது, அப்புறம் என்ன குறை என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. இருக்கிற ஒன்றை நன்றாக வளருங்கள். உயரமான கிளை வேண்டாம், விழும். எலியை ஆட்டாமல் மூக்குக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள்.

குட்டிமலை:
இன்று அப்படியே பிடித்தேன். இரண்டாவது பாய்ச்சலில் கவ்விவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்தையும் தள்ளி வைத்துவிட்டேன்.