மைவியில் ஊஃபர் போடணும், ஆனால் பூட்டில் கை வைக்கக் கூடாது

செந்தூல் 277
எல்லாருக்கும் வணக்கம். காடி 2019 பெரோடுவா மைவி. பாஸ் சத்தத்துக்கு ஒரு ஊஃபர் (கீழ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) போடணும். பூட், அதாவது பின்பக்கச் சாமான் இடம், 277 லிட்டர். அதில் பிள்ளையின் தள்ளுவண்டி, மனைவி கேட்டரிங்குக்குக் கொண்டுபோகும் இரண்டு பெரிய சட்டிகள், ஈப்போவில் இருந்து திரும்பும்போது அம்மா ஏற்றிவிடும் சாமான் எல்லாம் போகணும். "பாட்டு உங்கள் இஷ்டம், பூட் என் இஷ்டம்" என்று வீட்டில் தீர்ப்பு. ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கடைக்காரர் 12 இன்ச் ஊஃபர் பெட்டியைத் தவிர வேறெதையும் பேச மாட்டேன் என்கிறார். பக்கத்துக் கடையில் சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டை ஊஃபர் போதும் என்கிறார்கள். கையில் 1,500 வெள்ளி. தட்டையில் உறுமி கேட்குமா, இல்லை உறுமல் மட்டும்தானா?

பழைய ஆம்ப்
தம்பி, தட்டை ஊஃபரை பாஸ் என்று சொல்வதும் மைலோ டின்னைத் தவில் என்று சொல்வதும் ஒன்று. பாஸ் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. 12 இன்ச் ஊஃபரில் ஆடுகிற கோனின் பரப்பு ஏறக்குறைய 480 சதுர சென்டிமீட்டர். 8 இன்ச்சுக்கு 210, 220 வரும். இரண்டு எட்டைச் சேர்த்தாலும் ஒரு பன்னிரண்டு ஆகாது. போதாததற்கு, சீட்டுக்கு அடியில் கோன் முன்னும் பின்னும் போய் வரவும் இடம் கிடையாது. முப்பது வருஷமாக ஊஃபர் பெட்டி அடிக்கிறேன், கேட்டுக்கொள்.

சீட்டடிக்காரன்
அண்ணே, முப்பது வருஷம் அடித்துக் காது மிச்சம் இருந்தால் இதையும் கேளுங்கள்.

பாஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். நம் பாட்டுகளில் அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் இருக்காது. எட்டு இன்ச் அந்த இடம் வரைக்கும் தட்டுத்தடுமாறியாவது வந்துவிடும். சன்னல் மூடிய சின்னக் காடிக்குள் கீழ் சத்தம் தானாகவே ஏறும், அந்த உதவியும் இருக்கிறது. வைக்கிற இடமும் பிரச்சினை இல்லை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், மைவியே நாலு மீட்டருக்குக் குறைவு. 80 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை ஊஃபருக்குப் போகாமல் வெட்டிவிட்டால் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது.

நான் வைத்திருப்பது கென்வுட்டின் கேஎஸ்சி எஸ்டபிள்யூ11. உயரம் 7 சென்டிமீட்டர், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. அட்டைப் பெட்டியில் 150 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்குகிற அளவு, 75தான். ஆனால் என் பூட்டில் ஒரு ஆணிகூட இல்லை.

பழைய ஆம்ப்
அதில் இருப்பது முழு எட்டுகூட இல்லை, முட்டை வடிவக் கோன். 75 வாட்டில் ஓட்டுநரின் இடுப்பு ஆடும், அதைப் பாஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்று பிள்ளை அம்மா
ஆண்கள் சண்டைக்கு நடுவே வருகிறேன். எங்கள் காடியிலும் சீட்டடி ஊஃபர் இருந்தது. சத்தத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின் சீட்டில் உட்காரும் பிள்ளைகளின் கால் அதன் மேல்தான். தேஓ ஐஸ் ஒரு பாக்கெட் கொட்டியது, பாலாடைக்கட்டி ஒன்று பூஞ்சை பிடித்து அங்கேயே கிடந்தது. கடைசியில் கோலாலம்பூர் திடீர் வெள்ளம். தண்ணீர் தரைக் கம்பளம் வரைக்கும்தான் ஏறியது, சீட் நனையவே இல்லை. ஊஃபர் போச்சு. தாழ்வான இடத்தில் காடி நிறுத்துகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

அப்புறம், ஸ்பேர் டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியில் பெட்டி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் பிறகு எங்களுக்கு அப்படித்தான் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகு, பூட் முழுசாகக் கிடைத்தது. நெடுஞ்சாலையில் தாப்பா தாண்டி டயர் வெடித்தது ராத்திரி ஒன்பதரைக்கு. மூன்று பிள்ளைகளோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இழுவை லாரிக்குக் காத்திருந்தேன். காடிக்குள் பாட்டு மட்டும் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது.

சீட்டடிக்காரன்
அக்கா, வெள்ளத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? காடிக்குள் தண்ணீர் வந்தால் ஊஃபர் மட்டுமா போகும். ஆனால் ஸ்பேர் விஷயத்தில் உங்கள் கட்சி.

பழைய ஆம்ப்
ஸ்பேரை எடு என்று நானும் சொல்ல மாட்டேன். கணக்குப் பாருங்கள். மூடிய பெட்டியில் 10 இன்ச் ஊஃபருக்கு உள்ளே 17 லிட்டர் காற்று போதும். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (அழுத்திய மரத்தூள்) பலகையின் கனம், காந்தம் எல்லாம் சேர்த்தால் வெளியளவு 28 லிட்டர். 277இல் 28 என்பது பத்தில் ஒன்று. போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி என்றால்தான் இடம் பறிபோகும். அதுவும் டயர் வளைவுக்குப் பின்னால் இருக்கிற மூலையில் ஃபைபர் கிளாஸில் வார்த்தால் வெளியே தெரியவே தெரியாது.

செந்தூல் 277
அண்ணே, லிட்டர் கணக்கு வேறு, சட்டிக் கணக்கு வேறு. தள்ளுவண்டி குறுக்காகத்தான் படுக்கும், இரண்டு மூலையும் வேண்டும். ஒரு மூலை போனால் எனக்குப் போவது பத்தில் ஒன்று இல்லை, தள்ளுவண்டியே போகும். அது சரி, உங்களுடையது என்ன காடி?

பழைய ஆம்ப்
பெரோடுவா பெசா.

சீட்டடிக்காரன்
508 லிட்டர் பூட்! மாளிகையில் உட்கார்ந்துகொண்டு ஃப்ளாட்காரனுக்குக் கட்டில் வாங்கப் புத்தி சொல்கிறார்.

வயர்மேன் கெப்போங்
இரண்டு பேரும் ஒரு வழியை விட்டுவிட்டீர்கள். ஜேபிஎல்லின் பாஸ்ப்ரோ ஹப் என்று ஒன்று இருக்கிறது. ஸ்பேர் டயரின் குழிவுக்குள் உட்காரும். 11 இன்ச், 200 வாட் ஆர்எம்எஸ், ஆம்ப் உள்ளேயே. டயர் இருந்த இடத்திலேயே இருக்கும், பஞ்சர் ஆனால் ஊஃபரைத் தூக்கி வைத்துவிட்டு டயரை எடுக்கலாம். அக்காவின் தாப்பா கதை திரும்ப வராது. ஆனால் வாங்குவதற்கு முன்னால் உன் ஸ்பேர் ரிம்மின் அகலத்தையும் ஆழத்தையும் டேப் வைத்து அள. ஊஃபர் மேலே நீட்டிக்கொண்டால் தரைப்பலகை மூடாது, பூட் உயரம் குறையும். அப்புறம் உன் வீட்டுத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

எதைப் போட்டாலும் மின்கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, கம்பி எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் காடி எரியாமல் இருக்க. மலிவுக் கம்பி பெரும்பாலும் மேலே செம்பு பூசிய அலுமினியம். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும்.

பழைய ஆம்ப்
இதை ஒத்துக்கொள்கிறேன். பதினொன்று என்றால் பேசலாம். ஆனால் மேலே சட்டியும் தள்ளுவண்டியும் ஏறினால் கோன் எங்கே மூச்சு விடும்?

வயர்மேன் கெப்போங்
தரைப்பலகை வழியாகப் பாஸ் வரும் அண்ணே, சாமான் அடைக்காது. ஆனால் பலகையே அதிரும், அது உண்மை. ஓரத்தில் ஃபோம் நாடா ஒட்டணும். மைவியில் இன்னொரு தொல்லை பின்பக்க நம்பர் பிளேட். ஊஃபர் போட்ட அன்றே கடகட என்று ஆரம்பிக்கும். பாதிப் பேர் ஊஃபர் கிழிந்துவிட்டது என்று கடைக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள்.

மூன்று பிள்ளை அம்மா
ஊஃபரில் இருக்கிற ஃபேஸ் சுவிட்சையும் சொல்லுங்கள். எங்கள் ஊஃபரில் பாஸே வரவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் புலம்பினார். என் தம்பி வந்து அந்தச் சுவிட்சைத் திருப்பினான், அவ்வளவுதான். கதவு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது ஊஃபர் உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததாம்.

செந்தூல் 277
இன்று மத்தியானம் டேப்போடு இறங்கினேன். ஹப் ரிம்முக்குள் உட்கார்கிற மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் பலகை மூடுமா என்று உண்மையான சாமானை வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சீட்டடிக்கு மெகி டப்பாவை வெட்டி 28க்கு 19க்கு 7 என்று ஒரு பொம்மைப் பெட்டி செய்தேன். முன் பயணி சீட்டுக்கு அடியில் போகிறது, சீட்டைப் பின்னால் தள்ளும்போது மட்டும் வயர் முடிச்சு ஒன்றில் இடிக்கிறது. இரண்டு நாளாக மழையானால் எங்கள் ஃப்ளாட் நுழைவாயிலில் தண்ணீர் நிற்கிறது, அதுதான் அக்கா சொன்னதை மறக்கவிடவில்லை.

பழைய ஆம்ப்
ஞாயிற்றுக்கிழமை பத்துமலைப் பக்கம் வா தம்பி. என் பெட்டியைக் கேள். வயர்மேனையும் ஹப்போடு வரச் சொல், பலகை மூடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். சீட்டடிக்காரன் வந்தால் அவனுக்கும் தே தாரேக் என் கணக்கு.

சீட்டடிக்காரன்
வருகிறேன். உறுமிப் பாட்டு என் பென் டிரைவில்.

செந்தூல் 277
மனைவியும் வருகிறாள். சட்டிகளை எடுத்துக்கொண்டு.