லாமினெக்டமி (முதுகெலும்பின் பின்தகடான லாமினாவை எடுப்பது) முடித்தும் அல்ட்ராசவுண்டில் கட்டியின் கீழ்முனை தெரியவில்லை, உதவுங்கள்

கேள்வி (மதுரை, நரம்பியல் அறுவை முதுநிலை மாணவர்):
டி8–டி9இல் (நெஞ்சுப் பகுதியின் 8, 9ஆம் முதுகெலும்புகள்) டியூராவுக்குள் (தண்டுவடத்தைச் சுற்றிய உறை) கட்டி, எம்.ஆர்.ஐ.யில் ஸ்வானோமா (நரம்பு உறையில் வளரும் கட்டி) மாதிரி. லாமினாவை எடுத்துவிட்டு, குழியில் சலைன் (உப்புநீர்) ஊற்றி, மயக்கவியல் துறையில் நரம்பு பிளாக்குக்கு (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) வைத்திருக்கும் லீனியர் புரோபால் (தட்டையான முகமுள்ள அல்ட்ராசவுண்ட் கருவி) பார்த்தோம் (38 மி.மீ., 6–13 மெகாஹெர்ட்ஸ்). மேலே சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள், அதற்குக் கீழே இருட்டு. கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவு) கூட்டினால் படம் முழுக்க வெளுக்கிறது. கட்டியின் மேல்முனை மங்கலாகக் கிடைத்தது, கீழ்முனை கிடைக்கவே இல்லை. வியாழக்கிழமை அடுத்த கேஸ். புரோப் கோளாறா சார்?

பதில் 1 (முதுகுத்தண்டு அறுவை, மதுரை):
சம இடைவெளிக் கோடு என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள் தம்பி. ஒலி காற்றில் பட்டு, புரோபுக்கும் குமிழுக்கும் நடுவே திரும்பத் திரும்ப எதிரொலிக்கிறது. கெயினைக் கூட்டினால் அந்த எதிரொலிதான் கூடும். காற்று எங்கே என்று கண்டுபிடிக்க, ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கவர் போட்ட புரோபை ஸ்டெரைல் கிட்னி ட்ரேயில் சலைன் ஊற்றி முக்கிப் பாருங்கள். ட்ரேயின் அடி ஒரே கூர்மையான கோடாக வந்தால் கவர் சரி, தப்பு காயத்தில். அங்கேயும் கோடுகள் வந்தால் கவருக்குள் காற்று.

பதில் 2 (மயக்கவியல், திண்டுக்கல்):
கவருக்குள் ஸ்டெரைல் ஜெல்லைத் தாராளமாக விட்டு, புரோப் முகத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளி, சுருக்கம் இல்லாமல் இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கையுறையைக் கவராக்கினால் விரல் மடிப்பில் காற்று தங்கும். மெஷினில் டெப்த் (படம் காட்டும் ஆழம்) 4 செ.மீ., ஃபோகஸ் தண்டுவட ஆழத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ட்ரேயில் அடி சுத்தமாகத் தெரிகிறது சார். அப்படியானால் காயம்தான்.

பதில் 1:
சலைனை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள், நுரைக்கும். உடல் சூட்டிலுள்ள சலைனை சிரிஞ்சால் காயத்தின் ஓரம் வழியாக மெதுவாக நிரப்பி, மிதக்கும் குமிழை சக்‌ஷனால் எடுங்கள். ரத்தத்தை நிறுத்த வைக்கும் ஜெல்ஃபோம், சர்ஜிசெல், பஞ்சுப் பட்டி ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது. மூன்றும் வெள்ளையாகத் தெரிந்து பின்னால் நிழல் விழும். மேசை சாய்ந்திருந்தால் சலைன் ஒரு பக்கம் வடியும், மட்டமாக்குங்கள். புரோப் சலைனில் மிதக்கட்டும், டியூராவைத் தொட வேண்டாம்.

கீழ்முனை தெரியாததற்கு வேறு காரணமும் இருக்கலாம்: மிச்சமிருக்கும் லாமினாவின் நிழல். நெடுக்கில் பார்க்கும்போது கீழ் ஓரத்தில் டிஸெக்டர் (திசுவைப் பிரிக்கும் மெல்லிய கருவி) நுனியை வைத்தால் எந்தப் பக்கம் கீழ் என்பது உறுதியாகும். முனை நிழலுக்குள் போனால் டியூராவைத் திறக்கும் முன்பே எலும்பை இன்னும் கொஞ்சம் எடுங்கள். இதில் அவசரப்படவே கூடாது. திறந்த பிறகு தண்டுவட நீர் வடிந்து, ரத்தம் இறங்கி, தண்டுவடமும் இடம் மாறும். அப்போது எலும்பு கடிப்பது ஆபத்து. குறுக்கிலும் ஒருமுறை பாருங்கள். 38 மி.மீ. புரோபின் ஓரங்கள் ஃபேசெட் (முதுகெலும்புகளின் பக்க மூட்டு) மேல் விழும், நடுப்பகுதி போதும். ஹாக்கி ஸ்டிக் புரோப் (சிறிய முகமுள்ள, வளைந்த புரோப்) கிடைத்தால் நல்லது.

இன்னொன்று, எத்தனையாவது எலும்பு என்பதை அல்ட்ராசவுண்ட் சொல்லாது, அதற்கு சி-ஆர்ம் (அறுவை அறை எக்ஸ்ரே கருவி)தான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வெளியே எடுத்த எம்.ஆர்.ஐ.யோடு வருபவர்களிடம், சி2விலிருந்தோ (கழுத்தின் இரண்டாம் எலும்பு) சாக்ரத்திலிருந்தோ (இடுப்புக்குக் கீழ் உள்ள முக்கோண எலும்பு) எண்ணும்படி முழு முதுகுப் படம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கட்டியை எடுத்த பிறகும் பார்க்கலாமா சார்?

பதில் 1:
கட்டாயம் பாருங்கள். சர்ஜிசெல் வைப்பதற்கு முன் பாருங்கள், வைத்த பிறகு பார்த்தால் மிச்சக் கட்டி மாதிரியே வெள்ளையாகத் தெரியும்.