‘மூக்’: திரள்பாடமா, பகிர்பாடமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இணையத்தில் யாரும், எத்தனை பேரும் சேர்ந்து படிக்கக்கூடிய பாடத்தை ஆங்கிலத்தில் ‘மூக்’ (MOOC) என்கிறார்கள். அதைத் தமிழில் ‘பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் பாடநெறி’ என்பதில் பொருட்பிழை இல்லை. ஆனால் கொருக்குப்பேட்டையில் என்னிடம் கணக்கு படிக்கும் பிள்ளைகள் வாயில் அது நுழையாது. அவர்களுக்கு எல்லாமே ‘என்பிடெல் கோர்ஸ்’தான் (என்பிடெல், NPTEL: ஐஐடிகள் முதலியவை நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்).

2008இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்சும் ஸ்டீபன் டவுன்சும் நடத்திய பாடத்தை ஒட்டி, கல்வியாளர் டேவ் கார்மியர் வைத்த பெயர் மூக். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். ஆளுக்கொரு வலைப்பூவில் எழுதினார்கள். ஒருவர் எழுத, இன்னொருவர் மறுக்க, அந்தப் பேச்சே பாடமாக வளர்ந்தது. 2011இல் சுமார் 1,60,000 பேர் சேர்ந்த ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவுப் பாடம் வேறு வகை. காணொளி பார்ப்பது, வினாவுக்கு விடை தருவது, அவ்வளவே. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

முன்னதைப் ‘பகிர்பாடம்’ என்போம், பின்னதைத் ‘திரள்பாடம்’ என்போம். ஊறுகாய், சுடுசோறு போல இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது.

என்பிடெல் அமைப்பில் திரள்பாடம். பிள்ளைகள்தான் அதைப் பகிர்பாடமாக்குகிறார்கள். காசிமேட்டுப் பெண் ஒருத்தி ராத்திரி நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸாப்பில் போடுகிறாள்: “அக்கா, மூணாவது வரியில மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சு?” திருவொற்றியூர் அக்கா குரல்பதிவில் விளக்குகிறாள். விடிந்தால் அது வியாசர்பாடிப் பிள்ளைகளின் குழுக்களில் ஓடுகிறது. அங்கே அடுத்த சந்தேகம் கிளம்புகிறது. இவ்வளவு நல்ல காரியத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இருக்கலாமா?

— கொருக்குப்பேட்டையிலிருந்து

ஐயா, வணக்கம்.

திரள்பாடம் அருமை. ‘பகிர்’ மட்டும் உறுத்துகிறது. படிக்காமலே பார்வர்டு செய்வதையும் பகிர்வு என்றுதானே சொல்கிறோம்? விவாதம் அதில் தொனிக்கவில்லை. ‘சமூக வலைப்பின்னல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘பின்னற்பாடம்’ எனலாமே?

— பெரம்பூரிலிருந்து

அம்மா,

பின்னற்பாடம் என்றால் எங்கள் தெருவில் தையல், பின்னல் வகுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘பின்னல் பாடம்’ என்று பிரித்தெழுதினாலும் அதே சிக்கல். பார்வர்டுக்கு ‘மேலனுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். மனக்கவலையைப் பகிர்ந்துகொண்டேன் என்கிறோம். கேட்டு மறுமொழி சொல்ல ஆளில்லாமல் அந்தப் பகிர்வு நடக்காது. அந்தப் பொருள்தான் இங்கே வேண்டும்.

அடுத்த வாரப் பாடக்குறிப்பில் இரண்டு சொல்லையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் எதை வாயில் எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.