90 நாள் கணக்கு: ராணுவப் பணியும் ஏ.எல்.எஸ். நோயும்

விடியல்வேலன்:
நேற்று வேறொரு இழையில் சுடர்மதி எழுதியது இது: "அமெரிக்க ராணுவத்துல 90 நாள் இருந்தாலே போதும், ஏ.எல்.எஸ். வந்துடும். அந்த அரசே ஒத்துக்கிச்சு." ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழிந்து உடல் செயலிழக்கும் நோய். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழை. அந்த 90 நாள் நோய்க்கான கணக்கே இல்லை, இழப்பீட்டுக்கான கணக்கு. 2008 செப்டம்பரில் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை ஒரு விதி போட்டது. தொடர்ந்து 90 நாளாவது பணியில் இருந்தவருக்குப் பிற்காலத்தில் எப்போது ஏ.எல்.எஸ். வந்தாலும், அது பணியால் வந்ததாகவே வைத்துக்கொண்டு பணம் கொடுப்பார்கள். வைத்துக்கொள்வது வேறு, நிரூபிப்பது வேறு.

சுடர்மதி:
எங்க அக்கா வீட்டுக்காரர் அமெரிக்கக் கடற்படையில 11 வருஷம் இருந்தார். முதல்ல சட்டைப் பித்தான் போட முடியல. அப்புறம் நாக்கு குழறுச்சு. கடைசியில கண்ணை மட்டும்தான் அசைச்சார். மூணு வருஷத்துல எல்லாம் முடிஞ்சுது. நீங்க எனக்கு விதி சொல்லித் தர்றீங்க. எந்த அரசாவது காரணம் இல்லாம காசு கொடுக்குமா? 90 நாள்னு எழுதியிருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

விடியல்வேலன்:
உங்கள் வீட்டு இழப்புக்கு வருந்துகிறேன். 90 நாள் என்று எழுதியிருக்கிறது. ஏன் எழுதினார்கள் என்பதையும் படியுங்கள். அப்போது துறையின் செயலராக இருந்த ஜேம்ஸ் பீக் சொன்ன காரணமே, இந்த நோய் வேகமாக முற்றிவிடும், ஆதாரம் திரட்டி முடிப்பதற்குள் ஆள் படுத்துவிடுவார் என்பதுதான். அதாவது ஆதாரத்துக்குக் காத்திருக்க நேரமில்லை என்று போட்ட விதி. அதையே ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்!

கிழக்குக்காற்று:
வேலன் அண்ணே, சரியாச் சொன்னீங்க. 2005ல வந்த ஆய்வுல, கடல்வழியாப் போய்த் தரையிறங்கிச் சண்டை போடுற மரைன் படைக்காரங்களுக்கு ஆபத்து கூடவே இல்லை. அவங்களும் 90 நாள் இருந்தவங்கதானே?

விடியல்வேலன்:
தம்பி, எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து என் வாதத்தைக் கெடுக்காதீர்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தொடர்ந்து கவனித்துவந்த ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அதில் மரைன் படைக்காரர்கள் 13,670 பேர்தான். இவ்வளவு அரிதான நோய்க்கு அந்த எண்ணிக்கை போதாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மற்ற எல்லாவற்றிலும் கூடியிருந்தது. மொத்தத்தில், ராணுவத்தில் இல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை நான் எங்கே மறுத்தேன்? லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 பேருக்கு வருவது 3 ஆகிறது. "போனால் வந்துவிடும்" என்பதற்கும் இதற்கும் எத்தனை தூரம்?

சுடர்மதி:
அந்த மூணாவது ஆளை நீங்க பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.
ஒன்றரை மடங்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப 90 நாள் விதி சரிதானே?

பனிமலர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "தொடர்பு", "காரணம்" இந்த இரண்டையும் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

விடியல்வேலன்:
சுடர்மதி, விதி சரியா தவறா என்று நான் கேட்கவே இல்லை. 90 நாளில் நோய் வரும் என்று எழுதினீர்களே, அதைத் திரும்பப் பெறுங்கள். 2006இல் அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசினின் குழு எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, சான்று குறைவு, தொடர்பு இருக்கலாம் என்று தோன்றுகிறது என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டது. 90 நாள் என்ற எண்ணுக்கு மருத்துவத்தில் எந்தப் பொருளும் இல்லை. பொருள் இல்லை, இல்லை, இல்லை.

முன்னாள்சிப்பாய்:
நான் 24 ஆண்டுகள் சீருடை போட்டவன். இங்கே பேசுகிறவர்களில் எத்தனை பேர் துப்பாக்கியைத் தொட்டிருப்பீர்கள்? சுடுதளத்தில் நாள் முழுக்க ஈயப் புகை மூக்கில் ஏறும். பக்கத்தில் குண்டு வெடித்தால் தலைக்குள் அதிரும். 1991 வளைகுடாப் போர் முடிந்ததும் இராக்கில் கமிசியா ஆயுதக் கிடங்கைத் தகர்த்தபோது நரம்பைத் தாக்கும் சாரின் நச்சு காற்றில் கலந்தது. இதெல்லாம் கணக்கில் வராதா? 90 நாள் என்பது எங்களுக்குச் சின்ன நாள் இல்லை.

விடியல்வேலன்:
ஐயா, வளைகுடாக் கணக்கைச் சொல்கிறேன். 2003இல் வந்த ஆய்வு. சுமார் 25 லட்சம் படையினரில் 107 பேருக்கு நோய். களத்துக்குப் போனவர்களுக்கு, போகாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதே ஆய்வாளர்கள் 2008இல் மறுபடி பார்த்தபோது, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கூடிய ஆபத்து பிறகு இறங்கிவிட்டதைக் கண்டார்கள். இதில் 90 நாள் எங்கே வருகிறது? ஈயம், குண்டு அதிர்வு, நச்சு மூன்றும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. எதுவும் இன்னும் உறுதியாகவில்லை.

கிழக்குக்காற்று:
லூ கெரிக் பெயராலேயே இந்த நோயைச் சொல்றாங்க. இந்த நோய் வந்த அவர் அமெரிக்காவுல பேஸ்பால் ஆடினவர். எந்த ராணுவத்துல 90 நாள் இருந்தார்?

சுடர்மதி:
ராணுவத்துல இல்லாதவனுக்கும் வரும்னு எனக்கும் தெரியும் தம்பி. சிகரெட் பிடிக்காதவனுக்கும் நுரையீரல் புற்று வருது. அதனால சிகரெட் நல்லதா?

முன்னாள்சிப்பாய்:
ஆட்டக்காரரைப் படைவீரரோடு ஒப்பிடாதீர்கள்.

கிழக்குக்காற்று:
அவரைக் குறைச்சுப் பேசாதீங்க. 2,130 ஆட்டம் விடாம ஆடின மனுஷன்.

முன்னாள்சிப்பாய்:
நான் எங்கே குறைத்துப் பேசினேன்? சீருடையின் மதிப்பைச் சொன்னேன். போன மாதம் ஓய்வூதிய இழையிலும் என் பேச்சை இப்படித்தான் திரித்தீர்கள்.

விடியல்வேலன்:
இருவரும் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சுடர்மதி, கேள்வி அப்படியே நிற்கிறது. 90 நாள் நோயின் அளவா, இழப்பீட்டின் அளவா? ஒற்றைச் சொல்லில் பதில்.

சுடர்மதி:
தூக்க மாத்திரை இழையிலயும் இப்படித்தான் ஒற்றைச் சொல் கேட்டுக் கேட்டு ஒரு பொண்ணை எழுதவிடாமப் பண்ணீங்க. நான் போக மாட்டேன். 90 நாள்னு எழுதினது அந்த அரசு, நான் இல்லை. அக்கா அந்தப் பணத்துலதான் மூச்சுக் கருவியும் வீட்டுக்கு நர்ஸும் வச்சா.

விடியல்வேலன்:
தூக்க மாத்திரை இழையில் நான் சொன்னது முழுவதும் சரி, வேண்டுமானால் எடுத்துப் போடுகிறேன். 90 நாளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

முன்னாள்சிப்பாய்:
கிழக்குக்காற்று, நான் குறைத்துப் பேசிய வரி எது? எடுத்துக் காட்டுங்கள்.