ஆமைக் காரில் ஆயில் பில்டரை எங்கே மாட்டுவது?

வண்டு_1300:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1968 வோக்ஸ்வேகன் 1300. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தபோது வாங்கியது. லயத்துப் பிள்ளைகள் "ஆமைக் கார், ஆமைக் கார்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள்.

போன மாதம் இன்ஜினைப் பிரித்தேன். மெயின் பேரிங்கைத் துடைத்து வெயிலில் பிடித்தால் சாம்பல் நிறத்தில் நீளநீளமாகக் கோடுகள். நகத்தை குறுக்கே இழுத்தால் தட்டுகிறது. இந்த இன்ஜினுக்குப் பிறவியிலேயே பேப்பர் பில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை, அவ்வளவுதான். அதனால் இந்தத் தடவை வெளியே தனியாக ஒரு பில்டர் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பம்ப் மூடியிலிருந்து ஒரு ஹோஸ் பில்டருக்குப் போகும், பில்டரிலிருந்து இன்னொன்று கேஸின், அதாவது இன்ஜினின் வெளிக்கூட்டின், மெயின் எண்ணெய் வழிக்குத் திரும்பும். கேஸ் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால் துளை போட்டு மரை வெட்ட இதுதான் நேரம்.

கேள்வி இடத்தைப் பற்றி. மூன்று இடம் யோசித்தேன். ஒன்று, இடது பின் மட்கார்டுக்குள், சக்கரத்துக்குப் பின்னால். இரண்டு, கியர்பாக்ஸைத் தாங்கும் சேஸிக் கவையின் இடது கையில். மூன்று, இன்ஜின் அறைக்குள்ளேயே. தினமும் டவுனிலிருந்து வீட்டுக்கு 7 கிலோமீட்டர். கடைசி 4 கிலோமீட்டர் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. குலை ஏற்றிய லாரி போய்ப் போய் வரிவரியாகக் கிடக்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அசல்_தான்:
தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பில்டர் எதற்கு? இந்த இன்ஜின் பிடிப்பது இரண்டரை லிட்டர் எண்ணெய். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்கள். சொன்னபடி மாற்றி, வலையைக் கழற்றிக் கழுவினால் போதும். உலகம் முழுக்க லட்சக்கணக்கில் அப்படித்தான் ஓடின. நீங்கள் செய்யப் போவது என்ன? மெக்னீசியம் கலந்த மெல்லிய கேஸில் துளை போடுகிறீர்கள். ஒரு பில்டருக்காக இரண்டு ஹோஸ், நான்கு மூட்டு. எண்ணெய் ஒழுக இல்லாத நான்கு இடத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஒரு ஹோஸ் விட்டுப்போனால் ஒரு நிமிடத்தில் இன்ஜின் காலி. அப்பாவின் வண்டி. போட்ட துளையைத் திரும்ப மூட முடியாது.

சிப்புட்_போர்மேன்:
ஐயா சொல்வதில் பாதி சரி. ஹோஸ் விட்டால் இன்ஜின் போகும், அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இடத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த 5,000 கணக்கு தார் ரோட்டுக்கு. தம்பி ஓட்டுவது செம்மண் பாதையில். காய்ந்த நாளில் முன்னால் ஒரு லாரி போனால் போதும், வைப்பர் போட்டுத்தான் வழி பார்க்க வேண்டும். அந்தத் தூசி கார்புரேட்டர் வழியாகக் கொஞ்சமாவது உள்ளே போகும். வலை பிடிப்பது கேஸ்கெட் துண்டும் இரும்புச் சீவலும்தான். பேரிங்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத மண். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் அளவுதான். இந்த மண் அதிலும் பாதிகூட இருக்காது. தம்பியின் பேரிங்கில் விழுந்த கோடு அதுதான். பில்டர் போடுங்கள் தம்பி.

இடம்: கவையின் இடது கை. கியர்பாக்ஸ் பக்கத்தில், சக்கரத்துக்கு முன்னால். மட்கார்டுக்குள் போடவே போடாதீர்கள், நான் பார்த்த வண்டிகளில் கல் அடித்து நசுங்காத பில்டர் கிடையாது. ஒன்று மட்டும் கவனம். கிளட்ச் நெம்புகோலும் அதன் கேபிள் குழாயும் அதே இடது பக்கம்தான். அந்தக் குழாய் தொய்ந்து வளைந்துதான் இருக்க வேண்டும், 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை. பில்டருக்கு இடம் பண்ணுகிறேன் என்று அதைத் தள்ளி நிமிர்த்திவிட்டால் கிளட்ச் நடுங்கும்.

இன்ஜின் அறைக்குள் வேண்டாம். அதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. காற்றில் குளிரும் இன்ஜின். மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, நடுவில் தகடு. ஹோஸுக்காகத் தகட்டில் துளை போட்டு ரப்பர் வைத்து அடைக்காமல் விட்டால் கீழே உள்ள சூட்டையே திரும்ப உறிஞ்சும்.

செம்மண்_சாலை:
அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் எதிர்க்கட்சி. என் 1200இல் மட்கார்டுக்குள் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. நானும் தோட்டத்துப் பாதையில்தான் ஓட்டுகிறேன், பாகான் டத்தோ பக்கம்.

பில்டரை மாட்டுவது ஒரு நாள் வேலை. மாற்றுவது ஆயுள் முழுக்கச் செய்யும் வேலை. நீங்கள் சொல்லும் கவையில் மாட்டினால், ஒவ்வொரு தடவையும் ஜாக் போட்டு, அடியில் படுத்து, சூடான கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் கையை நுழைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி வைத்து வேலை செய்பவருக்கு அது சுலபம். வீட்டு வாசலில் மாற்றுபவன் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று தள்ளுவான். தள்ளித் தள்ளி 15,000 ஓடிய பின் அடைத்துப்போன பில்டரால் என்ன பயன்? உள்ளே பைபாஸ் வால்வு திறந்து அழுக்கு எண்ணெய் அப்படியே போகும். என்னுடையதை சக்கரத்தைக் கழற்றினால் உட்கார்ந்தபடியே மாற்றிவிடலாம். பம்பிலிருந்து ஹோஸும் குறைவான தூரம். உங்கள் இடத்துக்குப் போக ஹோஸ் எக்ஸாஸ்ட் சூட்டைத் தாண்டி இன்ஜின் நீளம் முழுக்க ஓட வேண்டும். அது ஆபத்து இல்லையா?

கல்லுக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வளைத்து வைத்திருக்கிறேன்.

சிப்புட்_போர்மேன்:
தகடு வைத்தால் தகட்டுக்கும் பில்டருக்கும் நடுவில் சேறு ஏறும். காய்ந்தால் செங்கல். அந்த ஈரத்தில் பில்டர் டின் துருப்பிடிக்கும்.

சூடு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஹோஸ் மேல் தீத்தாங்கும் உறை போட்டுத்தான் ஓட்ட வேண்டும். எக்ஸாஸ்டிலிருந்து இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். உள்விட்டம் அரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பரில் உட்கார்ந்து ஆடுபவை, சேஸி ஆடாது. அதனால் ஹோஸை இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

கிந்தா_கொம்பி:
இடத்தைப் பற்றி நான் பேசவில்லை, என்னுடையது கொம்பி வேன், அடிப்பக்கமே வேறு. ஆனால் தம்பி, எங்கே மாட்டினாலும் இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். இரண்டிலும் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

பில்டர் மாட்டும் அடித்தளத்தில் உள்ள மரை பெரும்பாலும் முக்கால் இன்ச், இன்ச்சுக்கு 16 சுற்று. டொயோட்டா பில்டர் அதில் சரியாக உட்காரும். பழைய புரோட்டான் சாகாவுக்கு வரும் மிட்சுபிஷி பில்டர் 20 மில்லிமீட்டர் மரை. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். பெரியது சின்னதில் தாராளமாக ஏறிவிடும், ரப்பர் வளையம் அழுந்தியதும் இறுகியது போலவே கைக்குத் தோன்றும். எனக்கு கடையில் தவறாகக் கொடுத்துவிட்டார்கள். பாதி ஏற்றி நிறுத்தி, பிடித்து அசைத்துப் பார்த்தேன், கடகடவென்று ஆடியது. ரோட்டில் பிய்த்துக்கொண்டு போயிருந்தால் அசல்_தான் ஐயா சொன்ன ஒரு நிமிடம்கூடத் தாங்கியிருக்காது.

அடுத்தது, ஹோஸ் மாறிப்போவது. சுற்றியுள்ள சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் உள்ளே போய் நடுத்துளை வழியாக வெளியே வர வேண்டும். மாற்றிப் பூட்டினால் பில்டருக்குள் இருக்கும் ரப்பர் மடிப்பு வழியை அடைத்துக்கொள்ளும். முதல் ஸ்டார்ட்டில் எனக்கு ஆயில் விளக்கு அணையவே இல்லை, உடனே நிறுத்தினேன். இப்போதெல்லாம் பில்டரில் எண்ணெய் ஊற்றி நிரப்பி மாட்டுகிறேன். இன்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்கக் காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றிய பிறகுதான் வயரைத் திரும்ப மாட்டுவேன். பில்டருக்கும் ஹோஸுக்கும் சேர்த்து அரை லிட்டர் போலக் கூடுதலாகப் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசல்_தான்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மரை மாறலாம், ஹோஸ் மாறலாம், சூடு, கல், சேறு. வலையில் இந்தத் தொல்லை ஒன்றாவது உண்டா? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே ஆந்தைக் கூடு கட்டி வைக்கிறார்கள். என் வண்டியில் பெட்ரோல் ஹோஸையே கடித்திருக்கிறது. எண்ணெய் ஹோஸை விடுமா?

வண்டு_1300:
ஐயா, எலி விஷயம் நான் யோசிக்காதது. எஃகுப் பின்னல் ஹோஸ்தான் போடுவேன், அது உரசும் இடத்திலெல்லாம் ரப்பர் வைத்துக் கட்டுவேன். கேஸ் பிரிந்து கிடக்கிறது, துளை போடுவதில் இனிப் பின்வாங்கப் போவதில்லை. அப்பா இருந்திருந்தால் உங்கள் பக்கம் பேசியிருப்பார் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பேரிங்கைப் பார்த்த பிறகு மனது கேட்கவில்லை.

நேற்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் உள்பக்கம் கறுப்புப் பூச்சே இல்லை. பெயிண்டும் போய் வெறும் தகடு புள்ளிபுள்ளியாகப் பளபளக்கிறது. டயர் வாரியடிக்கும் கல் எல்லாம் அங்கேதான் போய் விழுகிறது. கீழ் மடிப்பில் ஒரு கைப்பிடி சேறு கல்லாக இறுகியிருக்கிறது. அப்படியே முன்னால் நகர்ந்து கவைப் பக்கம் டார்ச் அடித்தேன். கியர்பாக்ஸ் மேல் தூசிதான், சேறு இல்லை. கவைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை, கிழியாமல் இருக்கிறது.

செம்மண்_சாலை:
தம்பி, உங்கள் வண்டி இன்ஜின் இல்லாமல் ஒரு மாதமாக நிற்கிறது. நிற்கும் வண்டியில் சிலந்தி எங்கே வேண்டுமானாலும் கட்டும்.

வண்டு_1300:
அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். சரி, ஓட்டியே பார்த்துவிடலாம். மாமா வீட்டில் இன்னொரு 1300 நிற்கிறது, ஓடும் நிலையில். இரண்டு கெட்டிப்பால் டின் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். அகலமும் உயரமும் டொயோட்டா பில்டர் அளவேதான். ஒன்றை மட்கார்டில், ஒன்றைக் கவையில் கம்பி போட்டுக் கட்டிப் பத்து நாள் ஓட்டப் போகிறேன். மழையும் பிடித்திருக்கிறது.

சிப்புட்_போர்மேன்:
நல்ல வேலை. ஜாக் போட்டுச் சக்கரம் தொங்கும்போதும் பாருங்கள், நான்கு பேரை ஏற்றி அமுங்கும்போதும் பாருங்கள். இந்த வண்டியில் சக்கரம் சாய்ந்தபடி ஏறி இறங்கும், டின்னில் டயர் படக் கூடாது. வாய் மேலே பார்க்கும்படி கட்டுங்கள். பில்டரையும் அப்படித்தான் மாட்ட வேண்டும், நின்ற வண்டியில் எண்ணெய் வடியாமல் இருக்கும்.

வண்டு_1300:
பதினோராம் நாள். இரண்டு டின்னும் மேசை மேல் இருக்கின்றன.

மட்கார்டு டின்: ஒட்டியிருந்த பேப்பர் ஒரு துண்டுகூட இல்லை. டயரைப் பார்த்த பக்கத்தில் ஐந்து நசுங்கல், ஒன்றில் சுண்டுவிரல் நுனி உட்காரும். டின்னுக்குள்ளேயே பாதி சேறு. தகடு இல்லாமல்தான் கட்டினேன் அண்ணே, அதைச் சொல்லிவிட வேண்டும். தகடு இருந்தால் நசுங்கல் குறைந்திருக்கும், சேறு குறைந்திருக்காது என்று தோன்றுகிறது.

கவை டின்: பேப்பரில் எழுத்தெல்லாம் படிக்கலாம். நசுங்கல் இல்லை. ஆனால் அடியில் ஒரு கீறல், குறுக்காக இரண்டு இன்ச் நீளம். பாதையில் கிடந்த செம்பனை மட்டை ஏறி உரசியிருக்க வேண்டும், கம்பி முடிச்சில் ஒரு முள்ளும் சிக்கியிருந்தது. நிமிர்த்திக் கட்டியதால் தாழ்வாகத் தொங்கிவிட்டது.

செம்மண்_சாலை:
கல் விஷயத்தில் நீங்கள் காட்டியதை மறுக்க முடியாது. என்னுடையதில் தகட்டைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். ஆனால் மட்டை கிழித்தால் ஒரே கிழிதான், கல்லாவது பல நாள் எடுத்துக்கொள்ளும். அதை அண்ணன் யோசித்தாரா?

சிப்புட்_போர்மேன்:
யோசித்தேன், முள்ளைப் படித்ததுமே. என் வண்டிகள் டவுனுக்குள் ஓடுபவை, மட்டை எனக்குத் தட்டுப்பட்டதில்லை. தம்பி, படுக்க வைத்து மாட்டுங்கள், வண்டியின் நீளவாக்கில். மூன்று விரல் உயரம் மிச்சமாகும். வடியாமல் தடுக்கும் ரப்பர் உள்ளே இருக்கும் நல்ல பில்டராக வாங்கினால் படுத்திருப்பதில் தவறில்லை. கழற்றும்போது எண்ணெய் கொட்டும். கொஞ்சம் தளர்த்தியதும் ஒரு பிளாஸ்டிக் பையைப் பில்டருக்குப் போர்த்தி, பையோடு சேர்த்துத் திருகுங்கள். கியர்பாக்ஸ் ரப்பரில் எண்ணெய் படாது.

வண்டு_1300:
சரி அண்ணே, படுக்க வைத்தே செய்கிறேன். கேஸ் வியாழக்கிழமை ஈப்போவுக்குப் போகிறது. அதற்குள் மாமா வண்டியில் தோட்டத்துக் கயிறு விட்டு ஹோஸ் வழியை அளந்துவிடுகிறேன். ஹோஸ் வெட்டும் முன் அளவை இங்கே போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.