ஸ்டோர்ஹா, பைப்பர் எல்-4ஆ?

வல்லூறு:
இரண்டாம் உலகப்போரின் கண்காணிப்பு விமானங்களில் ஜெர்மனியின் ஃபீஸ்லர் ஸ்டோர்ஹை அடிச்சுக்க ஆளில்லை. லேசான எதிர்க்காற்று இருந்தால் 50 மீட்டரில் எழும்பிவிடும், இறங்க 20 மீட்டர் போதும். இறக்கை முன்விளிம்பு முழுக்க நிலையான ஸ்லாட் (குறைந்த வேகத்திலும் தூக்குவிசை தரும் இடுக்கு), 240 குதிரைத்திறன் ஆர்கஸ் எஞ்சின். அமெரிக்காவின் பைப்பர் எல்-4க்கு வெறும் 65. ரெண்டு பேர் ஏறினாலே மூச்சு வாங்கும்.

குண்டூசி:
பீரங்கிக்குக் கண்தானே வேணும், வித்தை எதுக்கு? 1942 ஜூன் 6 முதல் அமெரிக்க பீரங்கி பட்டாலியன் ஒவ்வொன்றுக்கும் சொந்தமா 2 விமானம். விமானியும் பீரங்கிக்காரர்தான். எதிரி தலைக்கு மேல் போகாமல், தன் அணிக்கு மேலேயே சுற்றுவார்கள். முதல் குண்டு தாண்டி விழுந்தால் அடுத்ததைக் குறைத்துப் போடச் சொல்வது, இடைவெளியைப் பாதி பாதியாகச் சுருக்குவது, 100 கெஜத்துக்குள் வந்ததும் எல்லா பீரங்கியையும் சுடச் சொல்வது. ஜெர்மனியில் ஸ்டோர்ஹ் விமானப்படையின் சொத்து. அதிகம் பயன்பட்டது தளபதிகளை ஏற்றிப்போகத்தான். (பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியே ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டார்.)

தகரவேலை:
செலவையும் பாருங்க. எல்-4 மணிக்கு 17 லிட்டருக்குள் குடிக்கும், ஜீப்புக்கு ஊற்றும் பெட்ரோலே போதும். ஸ்டோர்ஹுக்கு அதைப்போல் மூணு மடங்கு. எல்-4இன் பெட்ரோல் அளவுமானி என்பது டேங்க் மூடி வழியா நீட்டிக்கிட்டிருக்கும் ஒரு கம்பி, அடியில் தக்கை. கம்பி இறங்க இறங்க பெட்ரோல் தீருது. கெட்டுப்போக அதில் என்ன இருக்கு? உண்மையான தொல்லை கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகத்தில், உறையும் பனி. ஈரக்காற்றில் த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே கார்ப் ஹீட்டை (எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்த காற்றைக் கார்புரேட்டருக்கு அனுப்பும் பிடியை) இழுக்கணும். குறைத்த பிறகு இழுத்தால் எக்ஸாஸ்டில் சூடு போதாது, பனி உருகாது, எஞ்சின் நின்றுவிடும்.

வல்லூறு:
எல்-4 பிழைத்ததே மேலே அமெரிக்கச் சண்டை விமானங்கள் காவல் இருந்ததால்.

குண்டூசி:
காவல் இல்லாமல் எதுதான் பிழைத்தது? 1940இல் பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் லைசாண்டர் கண்காணிப்பு விமானங்கள் 170க்கு மேல், அழிந்தவை 118. அதன் எஞ்சின் சுமார் 890 குதிரைத்திறன்!

வல்லூறு:
சரி, காயம்பட்டவரை எல்-4இல் எங்கே படுக்க வைப்பீங்க?

தகரவேலை:
வைக்க முடியாது. அந்த வேலைக்கு அமெரிக்கர்களிடம் 185 குதிரைத்திறன் ஸ்டின்சன் எல்-5 இருந்தது. எல்-5பி வகையில் பின்பக்கக் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை அப்படியே உள்ளே தள்ளலாம். ஸ்டோர்ஹை அதோடு ஒப்பிடுங்க, பேசலாம்.