மறு: 'இண்டஸ்ட்ரியல் ஹெரிடேஜ்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஜேர்மனியின் எசன் நகரிலுள்ள சொல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூட்டிச் செல்கிறேன். (பெயரிலேயே 'சொல்' இருக்கிறது, குழுவுக்குப் பொருத்தம்தான்.) 1986 டிசம்பரில் மூடிய சுரங்கம், 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு பக்கத் தாள் ஒன்று எழுதி, இலங்கையில் நான் படித்த வழக்குப்படி 'கைத்தொழில் மரபுரிமைச் சின்னம்' என்று தலைப்பிட்டேன். சென்னைக்காரரான ஒரு தகப்பனார் பார்த்துவிட்டு, "பாய் முடைவதைக் காட்டப் போகிறீர்களா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: குழிக்கு மேலே 55 மீட்டர் உயரத்தில், கயிறு ஓடும் சக்கரங்களோடு நிற்கும் இரும்புக் கோபுரம். அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஜேர்மன் மொழியில் 'டொப்பெல்பொக்'. 'பொக்' என்றால் தாங்குகால், ஆட்டுக்கடாவும் அதுதான். பிள்ளைகள் இப்போதே 'இரட்டைக் கடா' என்கிறார்கள்.
– ச., எசன்

> பாய் முடைவதைக் காட்டப் போகிறீர்களா?

அம்மா, அவர் கேட்டது நியாயம். தமிழ்நாட்டில் கைத்தொழில் என்றால் தறி, குயவர் சக்கரம். அதற்காகத் 'தொழில் மரபு' என்றும் எழுதிவிடாதீர்கள். தச்சர் மகன் தச்சராவதைத்தான் அது குறிக்கும். 'தொழிலக எச்சம்' என்பது என் துணிபு. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்றார் வள்ளுவர். சின்னம் வடசொல், நீக்குக.

நிற்க. 'சுரங்கம்' என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். கோவலன் மதுரைக்குள் புகுந்தது 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' வழியாக, அதாவது நிலத்தடி வழியாக. சுருங்கு, சுருங்கை, சுரங்கம். கிரேக்கச் 'சிரிங்ஸ்' (குழல்) என்பதிலிருந்து வந்தது என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. சுரைக்காயின் உட்கூட்டை நோக்குக. சுர் என்னும் வேரடி...
[எஞ்சிய நாற்பது வரிகள் இணைப்பில் உள்ளன – மட்டுறுத்துநர்]
– இ., தஞ்சாவூர்

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். பழைய கட்டடம், எச்சம் என்று அடுத்தடுத்துச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புறாதான் நினைவுக்கு வரும். அதோடு, சொல்ஃபெரைனில் எஞ்சியது வெறும் ஓடு அல்ல. கொதிகலன் கூடத்தைக் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைப்பு அருங்காட்சியகமாக மாற்றித் தந்தார். நிலக்கரி கழுவிய கட்டடம் இன்று ரூர் அருங்காட்சியகம். ஆள் புழங்கும் வீட்டை எச்சம் என்பதா?

'மரபுரிமை' இலங்கையில் அரசாங்கப் பலகைகளிலேயே உள்ள சொல். தூய்மை பேசும் தமிழ்நாட்டில்தான் 'பாரம்பரியம்' ஓடுகிறது. இதையும் விசாரிக்கலாம்.
– ந., யாழ்ப்பாணம்

மரபுரிமை என்றால் எங்கள் பக்கம் சொத்து வழக்கு நினைவுக்கு வருகிறது, ந. அண்ணா. ஆனாலும் பாரம்பரியத்தை விட மேல்தான்.

நான் எழுத வந்தது கோபுரத்தைப் பற்றி. என் அப்பா கோலார் தங்கவயலில் குழிக்குள் இறங்கியவர். தங்கமானாலும் கரியானாலும் இறங்குகிற வழி ஒன்றுதான். அவருக்குக் குழியும் 'சாப்டு' (ஆங்கில 'ஷாஃப்ட்'தான்), மேலே நிற்கும் கோபுரமும் 'சாப்டு'. சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பார். சக்கரம் நெடுநேரம் அசையாமல் நின்றுவிட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் சுரங்கம் மூடியது. அங்கே பட்டியலில் ஏற்றிய அதே ஆண்டு. எங்கள் கோபுரங்களும் நிற்கின்றன, துருவோடு.

கிணற்றுக் கயிறும் உருளையும் தெரியாத தமிழர் உண்டா? 'கப்பிக் கோபுரம்' என்று எழுதுங்கள், அக்கா.
– மு., பெங்களூரு

மு. தம்பி, உங்கள் மடலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா? கப்பிக் கோபுரம் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். இந்த ஊர்ச் சுரங்கங்களில் 'வாஷ்கௌவெ' என்ற பெரிய கூடம் இருக்கும். தொழிலாளி உடுப்பைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுப்பார். அது கூரைவரை ஏறிவிடும். சங்கிலியைக் கீழே பூட்டிவிட்டு இறங்குவார். நூற்றுக்கணக்கான சட்டைகள் தலைக்கு மேல் தொங்கும். 'உடைமாற்றுக் கூடம்' என்றால் துணிக்கடை போலிருக்கிறதே?
– ச.

> கப்பிக் கோபுரம்

கப்பி என்பது நொய்யரிசி. சாலையில் கொட்டும் சல்லியும் அதுவே. 'உருளைக் கோபுரம்' என்க.
– இ.

உருளை என்றால் கிழங்கு, ஐயா.
– ந.

நண்பர்களே, இன்று வியாழன். என் கணக்குப்படி 'தொழிலக மரபுரிமை' நான்கு பேர், 'கைத்தொழில் மரபுரிமை' மூன்று பேர், 'எச்சம்' ஒருவர். 'சின்னம்' இருக்கட்டும் என்று பெரும்பாலோர். உடைமாற்றுக் கூடத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
– மட்டுறுத்துநர்

தாளை அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'தொழிலக மரபுரிமைச் சின்னம்'. கீழே ஒரு வரி: 'இலங்கைப் பாடநூல்களில் கைத்தொழில் என்றும் வரும்.' நான் படித்தது 'கைத்தொழிற் புரட்சி'. அதை ஒரே இரவில் கைவிட முடியவில்லை. கூடத்தை 'சட்டை தொங்கும் மண்டபம்' என்று எழுதினேன். திட்டுவதானால் ஞாயிற்றுக்கிழமை திட்டுங்கள்.
– ச.

சட்டைக்கு 'மெய்ப்பை' என்றொரு நல்ல சொல் இருக்கிறது. தொழிலக எச்சம் குறித்த என் மாறுபாட்டைப் பதிவு செய்க. சுருங்கை பற்றித் தனி இழை இன்றிரவு தொடங்குகிறேன்.
– இ.